ரெக்ஸ் பெகோனியா கொடி: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரம் பக்கம் மூன்றாம் மாடியில், கிழக்குப் பார்த்த பால்கனியில் ஆறு வருஷமாக இந்தக் கொடியை வளர்க்கிறேன். முதல் செடியைத் திருச்சூர் போனபோது மண்ணுத்தி நர்சரிகளில் ஒன்றில் 150 ரூபாய்க்கு வாங்கினேன். முதல் கோடையிலேயே அதைக் கிட்டத்தட்டக் கொன்றும்விட்டேன். பிழைத்த ஒரு முழத் தண்டில் இருந்து வந்தவைதான் இப்போது இருப்பதெல்லாம்.

வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த இலையைப் பார்த்துவிட்டு ஒரு தண்டு கேட்காமல் போவதில்லை. வாங்கிப் போனவர்கள் ஒரு மாதத்தில் போன் செய்யாமல் இருப்பதும் இல்லை. எல்லாருக்கும் ஒரே சந்தேகங்கள்தான் என்பதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

இது பெகோனியாவா, கொடியா? பேரைக் கேட்டாலே குழப்பமா இருக்கே அக்கா.

கொடிதான். பெகோனியாவுக்கும் இதற்கும் எந்தச் சொந்தமும் கிடையாது. ரெக்ஸ் பெகோனியா என்ற செடியின் இலையில் இருக்கிற வெள்ளிப் பூச்சும் ஊதாவும் இதன் இலையிலும் இருப்பதால் நர்சரிக்காரர்கள் அந்தப் பெயரை ஒட்டிவிட்டார்கள். உண்மையில் இது திராட்சைக் குடும்பம். அந்தக் குடும்பத்துக்குள் சிஸ்ஸஸ் என்ற பேரினம். நம் வீட்டு மதில் சுவரில் படர்கிற பிரண்டையும் சிஸ்ஸஸ்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒன்று வறட்சிக்கே பிறந்தது, இன்னொன்று ஒரு நாள் காற்று காய்ந்தாலே முகம் சுண்டிவிடும்.

நர்சரிச் சீட்டில் பெரும்பாலும் சிஸ்ஸஸ் டிஸ்கலர் என்று இருக்கும். 1825இல் புளூமே என்ற தாவரவியலாளர் வைத்த பெயர் அது. ஆனால் அதற்கு முந்தின வருஷமே டி கண்டோல் இதற்கு சிஸ்ஸஸ் ஜவானா என்று பெயர் வைத்துவிட்டார். முந்தி வைத்த பெயருக்கே உரிமை என்பது தாவரவியல் வழக்கம் என்பதால் இப்போது ஜவானாதான் சரியான பெயர். எந்தப் பெயரில் தேடினாலும் கிடைப்பது இதே செடிதான்.

பிரண்டை இனம்னா துவையல் அரைக்கலாமா?

வேண்டாம். ஒரே பேரினம் என்பதற்காக ஒரே சமையல் ஆகிவிடாது. நாம் சாப்பிட்டுப் பழகியது பிரண்டையைத்தான். அதையே எண்ணெயில் நன்றாக வதக்காவிட்டால் தொண்டை அரிக்கிறது. போதாததற்கு, அலங்காரச் செடி வளர்க்கிற நர்சரியில் என்ன மருந்து அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? பிரண்டை நறுக்கும்போது கையில் நல்லெண்ணெய் தடவுவோமே, அந்த அவசியம் இந்தக் கொடிக்கு எனக்கு வந்ததில்லை. தோல் மென்மையானவர்கள் தண்டு வெட்டியதும் கையைக் கழுவிவிடுங்கள்.

இதே பேரைச் சொல்லி வேற செடி தலையில கட்டிட்டாங்களோன்னு சந்தேகம். எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கணுவைப் பாருங்கள். இலை ஒரு பக்கம் முளைத்திருந்தால் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் மெல்லிய சுருள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். திராட்சைக் கொடியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். பற்றுக்கம்பி என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அது இருந்தால் பெகோனியா இல்லை. பெகோனியா இலை காம்புக்கு இரண்டு பக்கமும் ஏற்றத்தாழ்வாக, கோணலாக இருக்கும். இது ஏறக்குறைய சமமான நீள் இதயம். நரம்புகளுக்கு நடுவே வெள்ளி, நடு நரம்பை ஒட்டிப் பச்சையும் ஊதாவும், பின்பக்கம் திருப்பினால் நல்ல அரக்கு நிறம், தண்டும் சிவப்பு.

அடிக்கடி மாறிப் போவது மிளகு இனத்துக் கொடி ஒன்று. அதுவும் இதய இலைதான், பின்பக்கம் ஊதாதான், ஆனால் மேலே இளஞ்சிவப்புப் புள்ளிகள் நரம்பை ஒட்டித் தெளித்த மாதிரி இருக்கும். வெற்றிலைக்குச் சொந்தக்காரன் என்று பார்த்தவுடனே தெரியும். கணுவில் சுருள் இருக்காது, குட்டி வேர்கள் இருக்கும். அதுவும் அழகான செடிதான், தூக்கி எறிய வேண்டாம். ஆனால் கீழே நான் சொல்கிற கொடியேற்றும் முறை அதற்குப் பொருந்தாது.

வெயில் எவ்வளவு வேணும்? மொட்டை மாடியில வைக்கலாமா?

மொட்டை மாடியில் நேராக வைத்தால் ஒரே மத்தியானத்தில் இலை காகிதம் மாதிரி வெளுத்துவிடும். இது பெரிய மரங்களுக்கு அடியில், ஈரக் காட்டின் நிழலில் வளர்கிற கொடி. காலை ஏழு மணியில் இருந்து எட்டரை வரைக்கும் வருகிற இளம் வெயில் நல்லது. அதற்கப்புறம் நிழல் வேண்டும். நிழல் என்றால் இருட்டு இல்லை. விளக்கு போடாமல் பேப்பர் படிக்கிற வெளிச்சமாவது இருக்க வேண்டும்.

வெற்றிலைக் கொடிக்கால் பார்த்திருக்கிறீர்களா? அகத்தியை நெருக்கமாக நட்டு, அதன் மெல்லிய நிழலில் வெற்றிலையை ஏற்றியிருப்பார்கள். கீழே வாய்க்காலில் எப்போதும் ஈரம். உள்ளே நுழைந்தால் வெளியே இருப்பதைவிடக் குளிர்ச்சியாக, கொஞ்சம் புழுக்கமாகக்கூட இருக்கும். இந்தக் கொடிக்கு வேண்டியது அப்படியே அந்தச் சூழல்தான். மாடியில் வைத்தே தீருவேன் என்றால் 75 சதவீத ஷேட் நெட் போட்டு, பெரிய இலைச் செடிகளுக்கு நடுவில் தள்ளி வையுங்கள். 50 சதவீத நெட் அக்னி நட்சத்திரத்தில் போதவில்லை, நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

மண் கலவை என்ன? வீட்டுச் செம்மண் போட்டா போதாதா?

செம்மண் மட்டும் போட்டால் ஒரு மாதத்தில் இறுகிவிடும். இதன் வேர் மெல்லியது, காற்றோட்டம் வேண்டும். நான் போடுவது: தென்னை நார்க் கழிவு இரண்டு பங்கு, நன்றாக மட்கிய இலைத்தூள் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் (நர்சரியில் கிடைக்கிற, பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல் துகள்) ஒரு பங்கு. பெர்லைட்டுக்குப் பதில் கருகிய நெல் உமி போடலாம். கட்டடத்துக்கு வாங்கின எம்சாண்ட் வேண்டாம், அதில் இருக்கிற தூள் சிமெண்ட் மாதிரிப் படிந்துவிடுகிறது.

தென்னை நார்க் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று தடவை கழுவிப் பிழிந்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். அதில் உப்பு இருக்கும். இந்தக் கொடிக்கும் உப்புக்கும் ஆகாது என்பதைக் கீழே இன்னும் இரண்டு இடத்தில் சொல்லப்போகிறேன். தொட்டி சின்னதாகவே தொடங்குங்கள். ஒரு முழக் கொடிக்கு 5 அங்குலம் போதும், வேர் நிறைந்ததும் 8 அங்குலத்துக்கு மாற்றலாம். பெரிய தொட்டியில் சின்னச் செடியை வைத்தால் மண் காயவே காயாது.

தினமும் தண்ணி ஊத்துறேன், அப்பவும் வாடுது. இன்னும் ஊத்தணுமா?

நிறுத்துங்கள். எனக்கு வருகிற போன்களில் பாதி இதுதான். வாடினால் தாகம் என்று நினைத்து ஊற்றுகிறோம். ஆனால் வேர் அழுகினாலும் இலை வாடத்தான் செய்யும், உறிஞ்ச வேர் இல்லையே. விரலை மண்ணுக்குள் இரண்டு கணு அளவு விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தும் செடி வாடியிருந்தால் சிக்கல் தண்ணீர்க் குறைவு இல்லை. ஒன்று வேர் அழுகல், அல்லது காற்று காய்ந்திருக்கிறது.

மேல்மண் காய்ந்து, கீழே லேசான ஈரம் இருக்கும்போது அடியில் வழிகிற மாதிரி ஒரு தடவை ஊற்றுவதுதான் என் வழக்கம். சென்னையில் மே மாதம் அது தினமும் வரும். நவம்பர் மழையில் ஐந்து நாளானாலும் தேவைப்படாது. நாள் கணக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

காத்துல ஈரம் வேணும்னு சொல்றீங்க. ஸ்ப்ரே அடிச்சா போதாதா?

ஸ்ப்ரே அடித்த ஈரம் பத்து நிமிஷத்தில் போய்விடும். அடித்தவருக்குத் திருப்தி, செடிக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. போர் தண்ணீரை அடித்தால் இலையில் வெள்ளைத் திட்டு வேறு படிகிறது. அந்த வெல்வெட் இலையில் அதைத் துடைத்து எடுப்பதும் கஷ்டம்.

ஈரம் நிற்க வேண்டுமென்றால் செடிகளைக் கூட்டமாக வையுங்கள். என் பால்கனியில் இந்தக் கொடிக்கு இரண்டு பக்கமும் சேம்பு, காலேடியம், பெரணி. எல்லாம் சேர்ந்து மூச்சு விட்டு நடுவில் ஒரு ஈரக் குடை பிடித்த மாதிரி ஆகிவிடும். காற்று நேராக அடிக்கிற பக்கம் பழைய சணல் சாக்கைக் கட்டி, கோடையில் மட்டும் காலையிலும் மத்தியானமும் நனைக்கிறேன். பார்க்க லட்சணமாக இருக்காது. வீட்டுக்காரர் முதல் வருஷம் முழுக்கப் புலம்பினார், இப்போது அவரேதான் நனைக்கிறார்.

ஊரைப் பொறுத்தும் மாறும். சென்னையில் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று வந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும், அது வராமல் மேற்குக் காற்று அடிக்கிற நாள்தான் ஆபத்து. கோயம்புத்தூரில் என் நாத்தனாருக்கு வெப்பம் பிரச்சினையே இல்லை. ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுதான் இலையைக் கிழித்துப் போட்டது. சமையலறை ஜன்னலுக்கு உள்பக்கம் மாற்றினாள், சரியாகிவிட்டது. நாகர்கோவில்காரர்களுக்கு இந்தப் பத்தியே தேவைப்படாது.

ஏசி தண்ணி ஊத்தலாமா? ஆர்ஓ வேஸ்ட் தண்ணி?

ஏசியில் இருந்து சொட்டுகிற தண்ணீர் காற்றில் இருந்த ஈரம்தான், உப்பு அநேகமாக இருக்காது. தாராளமாக ஊற்றலாம். சத்தும் இருக்காது என்பதால் உரத்தை நிறுத்திவிடாதீர்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைக்க முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

ஆர்ஓ இயந்திரம் கழித்துத் தள்ளுகிற தண்ணீர் இதற்கு நேர் எதிர். குடிக்கிற தண்ணீரில் இருந்து பிரித்த உப்பெல்லாம் சேர்ந்து அதில்தான் வருகிறது. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேடிக்கை: ஏசி தண்ணீர் ஆகும், ஏசி அறை ஆகாது. ஏசி காற்றை உலர்த்துகிறது, அந்தச் சொட்டுத் தண்ணீரே அதற்குச் சாட்சி. அதன் காற்று நேராகப் படுகிற இடத்தில் வைத்து ஒரே வாரத்தில் எட்டு இலையை உதிர்த்திருக்கிறேன்.

மாஸ் ஸ்டிக் வாங்கி வெச்சேன், ஏற மாட்டேங்குது. சோம்பேறிக் கொடியா?

கொடி சோம்பேறி இல்லை, குச்சிதான் தப்பு. மணி பிளான்டும் வெற்றிலையும் கணுவில் வேர் விட்டு ஒட்டிக்கொண்டு ஏறும் சாதி. அவற்றுக்கு ஈரமான பாசிக் குச்சி சரி. இது சுருளால் சுற்றிப் பிடித்து ஏறும் சாதி. உங்கள் குச்சி உலக்கை கனம் இருந்தால் அந்த நூல் மாதிரிச் சுருள் எதைச் சுற்றும்?

பென்சிலைவிட மெல்லிசாக எதையாவது கொடுங்கள். சணல் கயிறு, மூங்கில் சிம்பு, மீன் வலை, பழைய டேபிள் ஃபேனின் கம்பிக்கூடு, எதுவானாலும் சரி. ஒரு நாள் காலையில் காபியோடு உட்கார்ந்து பாருங்கள். புதிய சுருள் முதலில் நேராக நீட்டிக்கொண்டு காற்றில் தேடும். கயிற்றில் பட்டதும் நுனி கொக்கி மாதிரி வளையும். மறுநாள் பார்த்தால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியிருக்கும். அதற்கப்புறம் நடுப்பகுதியும் ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டு தண்டையே கயிற்றுப் பக்கம் இழுத்துக்கொள்ளும். எதுவும் கிடைக்காத சுருள் காய்ந்து உதிரும். ஒரு விஷயம்: சுற்றிய சுருளைப் பிரித்து வேறு இடத்தில் மாட்டப் பார்க்காதீர்கள், முறிந்துவிடும். திசை மாற்ற வேண்டுமென்றால் தண்டைத் தளர்வாக ஒரு நூலால் கட்டுங்கள்.

தொங்கவிடலாமா என்றும் கேட்கிறார்கள். விடலாம், அழகாகவே இருக்கும். ஆனால் என் வீட்டில் தொங்குகிற கொடியின் இலை கைக்கட்டைவிரல் நீளம்தான், ஏறுகிற கொடியின் இலை உள்ளங்கையைத் தாண்டுகிறது.

தண்டு வெட்டி வெச்சா வேர் வருமா? எனக்கு ரெண்டு தடவை அழுகிப் போச்சு.

வரும். மூன்று கணு உள்ள தண்டாக, ரொம்ப இளசும் இல்லாமல் ரொம்ப முற்றலும் இல்லாமல் எடுங்கள். கீழ்க் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அந்த இலையை நீக்கிவிட்டு, கழுவின தென்னை நாரும் பெர்லைட்டும் பாதிப் பாதி கலந்ததில் நடுங்கள். மேல் இலை பெரிதாக இருந்தால் பாதியாக வெட்டிவிடலாம். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வெளிச்சமான நிழலில் வைத்தால் மூன்று நான்கு வாரத்தில் புதுத் துளிர் வரும். அதுவரை இழுத்துப் பார்க்காதீர்கள். நானும் இழுத்துப் பார்க்கிற ஜாதிதான், அதனால் சொல்கிறேன்.

அழுகினதற்குக் காரணம் அநேகமாக மாதம். சென்னையில் ஜூலை முதல் அக்டோபர் தொடக்கம் வரைக்கும் வைத்தால் பத்துக்கு ஏழு எட்டு பிழைக்கிறது. டிசம்பர், ஜனவரியில் வைத்தவை வேர் விடாமல் உட்கார்ந்தே அழுகின. இன்னும் பத்திரமான வழி பதியன்: தாய்க்கொடியில் இருந்து வெட்டாமலே ஒரு கணுவைப் பக்கத்துத் தொட்டி மண்ணில் வளைத்துப் பதித்து, ஹேர்பின் குத்தி வைத்துவிடுங்கள். வேர் விட்ட பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

என்ன உரம் போடுறீங்க? மீன் அமிலம் நல்லதா?

மண்புழு உரம் இரண்டு மாதத்துக்கு ஒரு கைப்பிடி. துளிர் விடுகிற மாதங்களில் மட்டும் 19:19:19 என்கிற, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள, தண்ணீரில் கரையும் உரத்தை லிட்டருக்கு 1 கிராம் கரைத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, ஈரமான மண்ணில். அவ்வளவுதான். மீன் கழிவை வெல்லத்தோடு ஊறவைத்து எடுக்கிற அந்த மீன் அமிலம் நானும் போட்டுப் பார்த்தேன். கொடி மளமளவென்று ஓடியது, ஆனால் இலையெல்லாம் வெறும் பச்சையாகப் பெருத்தது. வாசனைக்குப் பக்கத்து வீட்டுப் பூனை வந்து தொட்டியைத் தோண்டியதுதான் மிச்சம்.

இலை ஓரம் மட்டும் கருகுது, நடுவுல நல்லா இருக்கு. என்ன நோய்?

பெரும்பாலும் நோய் இல்லை. தண்ணீரிலோ கழுவாத தென்னை நாரிலோ இருந்து சேர்ந்த உப்பு, இல்லாவிட்டால் காய்ந்த காற்று. மண் மேல் வெள்ளைப் படலம் இருந்தால் உப்பு என்று முடிவு செய்யலாம். தொட்டியைக் குளியலறையில் வைத்து, மழைத் தண்ணீரோ ஏசி தண்ணீரோ தொட்டி அளவைப் போல் மூன்று மடங்கு மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். கருகின ஓரம் திரும்பப் பச்சையாகாது, அடுத்து வருகிற இலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ராத்திரி நல்லா இருந்துச்சு, காலையில பாதி இலையைக் காணோம். எலியா?

கீழே தரையைப் பாருங்கள். மிளகு அளவுக்குக் கறுப்புப் புழுக்கை கிடந்தால் எலி இல்லை, ஹாக் மாத் என்ற அந்துப்பூச்சியின் புழு. விரல் தடிமன், வாலில் ஒரு கொம்பு, சிலவற்றுக்குப் பக்கவாட்டில் கண் மாதிரிப் பொட்டு. திராட்சைக் குடும்பமும் சேம்பும் அதற்குப் பிடித்த விருந்து. என் பால்கனியில் ஈரத்துக்காகச் சேம்பையும் கொடியையும் பக்கத்தில் வைத்தேன் என்றேனே, பந்தியே போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. புழுக்கைக்கு நேர் மேலே அண்ணாந்து தேடினால் காம்போடு காம்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். கையால் எடுத்துவிட்டால் போதும், ஒன்று இரண்டுதான் இருக்கும். மருந்து வேண்டாம்.

மாவுப்பூச்சிதான் நிஜத் தொல்லை. கணு இடுக்கில் பஞ்சு மாதிரி உட்காரும். இயர்பட்ஸை சர்ஜிகல் ஸ்பிரிட்டில் தொட்டுத் துடைத்துவிடுங்கள். அதிகமாக இருந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், சாயங்காலம் மட்டும். முதலில் ஒரே ஒரு இலையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். இந்த வெல்வெட் இலை எண்ணெய்க்குச் சில சமயம் பொசுங்கிவிடும். மார்ச், ஏப்ரலில் இலைக்கு அடியில் ஊசி குத்தின மாதிரிப் புள்ளியும் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் அது சிலந்திப்பேன். குழாயடியில் இலையின் பின்பக்கத்தை நான்கு நாளைக்கு ஒரு தடவை கழுவினாலே பாதி ஓடிவிடும்.

மொத்த இலையும் கொட்டிடுச்சு மேடம். தூக்கிப் போட்டுடவா?

போடாதீர்கள். நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான். தண்டு வாங்கிப் போனவர்களில் நான்கு பேர் உயிரோடு இருந்த கொடியைக் குப்பையில் போட்டிருக்கிறார்கள். காற்று காய்ந்தாலோ குளிர் வந்தாலோ இலையைக் கழற்றிவிட்டு வேரையும் தண்டையும் காப்பாற்றிக்கொள்வது இதன் சுபாவம். என் முதல் செடியும் மே மாதம் மொட்டையாகி நின்றது. நான் தூக்கிப் போடாததற்கு ஒரே காரணம், அந்தத் தொட்டியை எடுக்கக் குனிய முடியாமல் எனக்கு முதுகு பிடித்திருந்தது.

நகத்தால் தண்டின் அடியில் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக ஈரம் தெரிந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்த மேல்பகுதியை வெட்டி, அடியில் இரண்டு மூன்று கணு மட்டும் விடுங்கள். அப்புறம் தண்ணீரைக் குறையுங்கள். இலை இல்லாத செடி குடிக்காது, பழைய அளவில் ஊற்றினால் இந்தத் தடவை நிஜமாகவே அழுகிவிடும். உரமும் வேண்டாம். நிழலான, காற்று அடிக்காத இடத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். என்னுடையது துளிர்க்க ஏழு வாரம் ஆனது, ஜூலையில் முதல் மழைக்கு அப்புறம் சிவப்பாக ஒரு மூக்கு நீட்டியது. தண்டு முழுக்கப் பழுப்பாகி, அமுக்கினால் கொழகொழவென்று இருந்தால் மட்டும் நம்பிக்கையை விடலாம்.

வெள்ளிப் பட்டை மங்கி வெறும் பச்சையா வருது. வேரிகேஷன் போயிடுச்சா? பச்சைக் கிளையை வெட்டணுமா?

வெட்ட வேண்டாம். வேரிகேஷன் என்றால் பச்சை இலையில் வேறு நிறம் கலந்து வருவது. வெள்ளை கலந்த மணி பிளான்டில் வெள்ளைப் பகுதிக்குப் பச்சையம் இல்லை. அது திரும்பப் பச்சையாக மாறலாம், அதனால் அங்கே வெட்டச் சொல்வார்கள். இங்கே கதை வேறு. இந்த நிறம் இந்த இனத்துக்கே இயல்பாக உள்ளது, நடுவில் வந்து ஒட்டியது இல்லை. இப்படி வெள்ளி மினுக்குகிற இலைகள் பலவற்றில் மேல்தோலுக்கு அடியில் நுண்ணிய காற்று இடைவெளிகள் இருந்து, வெளிச்சம் அங்கே பட்டுச் சிதறுவதால்தான் அந்த மினுக்கு. அடியில் பச்சையம் இருக்கவே செய்யும்.

ஆகவே நிறம் மங்கினால் சூழ்நிலையைத் தேடுங்கள். ரொம்ப இருட்டில் ஊதா மங்கும், வெயில் அதிகமானால் மொத்தமும் வெளுக்கும், உரம் கூடினால் மேலே மீன் அமிலத்தில் சொன்ன மாதிரி ஆகும். வயதையும் கணக்கில் எடுங்கள். இளம் இலையில்தான் ஊதா தூக்கலாக இருக்கும், முற்றின இலையில் அடங்கிவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை, ஜூன் கடைசியில், கொடியைப் பாதியாக வெட்டிவிட்டால் நிறைய இளந்துளிர் வந்து பார்க்க நன்றாக இருக்கும். வெட்டினதை நட்டுக்கொள்ளலாம்.

பூ பூக்குமா?

பூக்கும், ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். நான்கு இதழ் உள்ள மஞ்சள் கலந்த குட்டிப் பூக்கள், கொத்தாக, இலைக்கு எதிரே. எறும்புகள்தான் முதலில் கண்டுபிடிக்கும். நான் கிள்ளிவிடுவேன்.

பெங்களூர்ல இருக்கேன். ஊட்டியில அம்மா வீடு. ரெண்டு இடத்துலயும் வளருமா?

பெங்களூரில் மழைக்காலம் முழுக்க அற்புதமாக வளரும். ராத்திரி 15 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்குகிற டிசம்பர், ஜனவரியில் இலை கொட்டும். அதற்கு மேலே மொட்டைச் செடிக்குச் சொன்னதுதான் வைத்தியம். ஜன்னலோரம் உள்ளே வைத்து, தண்ணீரைக் குறைத்து, மார்ச் வரை பொறுங்கள். ஊட்டிக்கு வேண்டாம். அம்மாவிடம் ஃபியூஷியா வளர்க்கச் சொல்லுங்கள், அது இங்கே எங்களுக்கு வராது.

மேற்குத் தொடர்ச்சி மலையில இதே கொடி காட்டுல இருக்குன்னு சொல்றாங்க. ஒரு தண்டு கொண்டு வரலாமா?

இருக்கிறது என்பது உண்மைதான். ஜாவா வரைக்கும் பரவின கொடி, நம் மலையின் ஈரக் காடுகளிலும் உண்டு. ஆனால் ஒதுக்குக் காட்டில் இருந்து செடியை எடுப்பது 1882ஆம் வருஷத் தமிழ்நாடு வனச் சட்டப்படியே குற்றம். இதில் உங்களுக்கு லாபமும் இல்லை. விற்பனையில் இருப்பவை நிறம் பார்த்துத் தேர்ந்தெடுத்துத் தண்டு தண்டாகப் பெருக்கியவை. காட்டுக் கொடியில் நிறம் செடிக்குச் செடி மாறும். மலை ஈரத்தில் வளர்ந்ததை வெட்டி ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் வைத்துக் கொண்டு வந்தால் பிழைப்பதும் சந்தேகம். இந்தக் கொடி நம்மூர் நர்சரிகளில் அரிதாக இருப்பதற்குக் காரணமும் அதே பயணம்தான் என்று நினைக்கிறேன். பெருக்குவது சுலபம், மெல்லிய இலையைச் சேதமில்லாமல் லாரியில் ஏற்றி இறக்குவதுதான் கஷ்டம்.

பத்து நாள் ஊருக்குப் போறோம். பக்கத்து வீட்டுல சொல்லிட்டுப் போகலாமா?

சொல்லலாம், ஆனால் பாசமான பக்கத்து வீட்டுக்காரர் தினமும் ஊற்றுவார். என் இரண்டாவது செடி அப்படித்தான் போனது, அவரிடம் எப்படிக் கோபித்துக்கொள்ள முடியும்? இப்போதெல்லாம் பருத்தித் திரி வைத்துவிட்டுப் போகிறேன். குத்துவிளக்குத் திரியை மூன்று நான்காக முறுக்கி, ஒரு முனையைத் தொட்டியின் அடி ஓட்டை வழியாக மண்ணுக்குள் நான்கு விரல் செருகி, மறுமுனையைக் கீழே மூடி போட்ட தண்ணீர் டப்பாவில் விட வேண்டும். மூடியில் திரிக்கு மட்டும் ஓட்டை, இல்லையென்றால் கொசு முட்டை வைத்துவிடும். தொட்டியின் அடி தண்ணீரில் படக்கூடாது, திரி மட்டும்தான் படலாம்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாடியே வைத்து, மண் ரொம்ப நனைகிறதா என்று பாருங்கள். நனைந்தால் திரியில் ஒரு இழையைக் குறையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் டப்பாவில் தண்ணீர் இருக்கிறதா என்று நாலாம் நாள் எட்டிப் பார்க்க மட்டும் சொல்லுங்கள். தொட்டியில் ஊற்ற வேண்டாம் என்று ஒரு சீட்டும் எழுதி ஒட்டிவிடுங்கள். நான் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.